திருகு தாங்கும் சுமை



மோட்டார் என மக்கள் வழங்கும் மின்னோடிக்குத் தெரிந்தது சுழற்சி ஒன்றே. மாந்தர்க்கு வேண்டுவதோ பல வேளைகளில் நேரியக்கம். தையற்பொறியின் ஊசி மேலும் கீழும் போதல் வேண்டும்; கடைசற்பொறியின் உளி முன்னே செல்லல் வேண்டும்; பட்டறையில் பழுதான வண்டி மேலே எழுதல் வேண்டும். சுழற்சியை நேரியக்கமாக்கும் வழிகள் பல. அவற்றுள் எதனைத் தேர்வது என்பதில், சுமையின் கீழ் நிற்கும் தொழிலாளியின் உயிரும் அடங்கியுள்ளது.

முதல் வழி வணரி. சுழலும் உருளையின் நடுவினின்று விலக்கிப் பொருத்திய தண்டு, சுற்றுக்கு ஒருமுறை போய் மீளும். விலக்கம் 50 மி.மீ. எனின், இயக்க நீளம் 100 மி.மீ. ஊசிக்கு இது போதும்; நெடுந்தொலைவுக்கு உதவாது.

இரண்டாம் வழி பல்லுருளையும் பற்சட்டமும். பற்கள் ஒன்றையொன்று கௌவுமிடத்துச் சுற்றளவு 125 மி.மீ. எனின், ஒரு சுற்றில் சட்டம் அத்தொலைவு நகரும். விரைவு மிகுதி. ஆயினும், செங்குத்தாய்த் தூக்கும்போது மின்னோட்டம் நின்றால், தடுப்பு இல்லாவிடத்துச் சுமை உருளையைப் பின்னோக்கிச் சுழற்றி வீழும்.

மூன்றாம் வழி திருகும் மரையும். மரையைச் சுழலவிடாது பிடித்துத் திருகைச் சுழற்றினால், மரை நேரே நகரும். சுற்றுக்கு 5 மி.மீ. எனின், நிமையத்திற்கு 300 சுற்றில் 1500 மி.மீ. செல்லும்.

திருகின் புரி என்பது யாது? தண்டைச் சுற்றி வளைத்த ஒரு சரிவே. சரிவு மென்மையாயின், மேலேற்றிய சுமையை உராய்வே நழுவாது பிடித்துக்கொள்ளும். அத்தகைய திருகில், கொடுத்த ஆற்றலில் பாதிக்கு மேல் உராய்வில் அழியும். வீண் என்று இதனை இகழ்தல் ஆகாது, அவ்விழப்பே காவல்!

புரிக்கும் மரைக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும் திருகும் உண்டு. அதன் பயன் நூற்றுக்கு 90 அளவு. ஆனால், உராய்வு குறைந்தமையால் காவலும் குறைந்தது; சுமை அதனைத் திருப்பிச் சுழற்றிவிடும். ஆதலின், செங்குத்தாய்த் தூக்குமிடத்துத் தனித் தடுப்பு இன்றியமையாதது.

உராய்வுக் காவலும் முற்றானதன்று, அதிர்வினால் நெகிழக்கூடும். திருகினால் தூக்கிய வண்டியின் அடியில் நுழையுமுன், வலிய தாங்கியை நிறுத்துக. எளிதில் ஓடுவதே சிறந்த பொறி என்று எண்ணற்க. ஓட வேண்டுமிடத்து ஓடி, நிற்க வேண்டுமிடத்து நிற்பதே நற்பொறி!