ஒரு நாள் தவறினால் பரவாயில்லை



வெள்ளவத்தை மரைன் டிரைவில் தினமும் நடக்க வேண்டும், தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறோம். இரண்டு நாள் தவறியதும் "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுகிறோம்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கைச் சொல்கிறது. புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறலாம் என்றும் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை அன்றாடம் நடக்கும் ஒன்றோடு சேர்த்தே செய்தார்கள். நீங்களும் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிய கையோடு நடக்கப் புறப்படுங்கள். கொட்டாஞ்சேனைக் கடையில் பிளேன்டீ கேட்கும்போதே "சீனி குறைவாக" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நேற்றுத் தவறவிட்டிருந்தால் கவலை வேண்டாம். இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள்.