அயலார் கட்டிய அரங்கும் சப்பானியர் படமும்

(திங்கட்கூட்ட உரையின் எழுத்துவடிவம்)



திரைப்படத்திற்குச் சப்பானியர் வழங்கும் சொல் 'எய்கா' என்பதாம். ஒளியில் எதிரும் ஓவியம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தம் நாட்டுப் படத்தை 'ஓகா' என்பர். கடல்கடந்து வந்ததை 'யோகா' என்பர். (யோகப் பயிற்சியோடு ஒலி ஒத்தாலும் அதனோடு உறவில்லாச் சொல் இது.) இங்ஙனம் தன்னதும் பிறனதும் பிரித்துப் பெயரிட்ட நாட்டில்தான், 1993 ஏப்பிரலில், எபினா என்னும் ஊரில், அமெரிக்க வார்னர் நிறுவனம் நிச்சீ என்னும் சப்பானியப் பேரங்காடி நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து ஏழு திரைகள் கொண்ட மாளிகையைத் திறந்தது.

அயலான் நுழைந்தான் என்று சினப்பதற்கு முன், வாயிலைத் திறந்துவைத்தவர் யார் என்று பார்த்தல் வேண்டும். 1958இல் சப்பானில் விற்ற படச்சீட்டு 112 கோடிக்கு மேல். 1960இல் திரைகள் 7,457. 1993இலோ அவை 1,734ஆகச் சுருங்கிவிட்டன! தொலைக்காட்சி ஒரு கரணியம், அதனை மறுப்பாரில்லை. ஆனால் உள்நாட்டுப் பெருநிறுவனங்களின் மடிமையும் அதற்கு இணையான கரணியமாகும். தோகோ, சோச்சிக்கு, தோயெய் ஆகிய மூன்றும் படமெடுப்பு, பரப்புகை, அரங்கு அனைத்தையும் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தன. ஓர் அரங்கில் ஒரு நிறுவனத்தின் படங்களே வரிசையாக ஓடும். கூட்டம் நிரம்பினும் குறித்த நாளில் படத்தை இறக்கவேண்டும். இருக்கைகள் வெறிச்சோடினும் குறித்த நாள்வரை ஓட்டவேண்டும். பார்ப்பவன் விருப்பிற்கு அங்கு இடமில்லை.

பெருங்கடைகளைக் கட்டுப்படுத்திய சட்டம், அமெரிக்க அழுத்தத்தால் 1992இல் தளர்ந்தது. புறநகரில் பேரங்காடிகள் எழுந்தன; அவற்றின் மாடியில் பல்திரை மாளிகைகள் அமர்ந்தன. கூட்டம் மிக்க படத்திற்குப் பேரரங்கு. குறைந்தால் சிற்றரங்கிற்கு மாற்றம். ஒவ்வொருவர்க்கும் எண்ணிட்ட இருக்கை. 1996இல் அமெரிக்க ஏ.எம்.சி. புக்குவோக்கா நகரில் பதின்மூன்று திரைகளோடு வந்தது. 1999இல் பிரித்தானிய வர்சின் வந்தது. ஆலிவுட்டுப் படங்களுக்குப் பெருவழி திறந்தது. 2002இல் படவருவாயில் சப்பானியப் படங்களின் பங்கு 27 விழுக்காடே. நாடு தன் திரையை இழந்தது என்று அன்று புலம்பியோர் பலர்.

பின் நடந்ததைக் காண்க. 2003இல் வர்சின் அரங்குகளைத் தோகோ விலைக்கு வாங்கிற்று. 2005இல் ஏ.எம்.சி. வெளியேறிற்று. நிச்சீ, மைக்கால் எனப் பெயர் மாறி 2001இல் நொடித்துப்போக, அதனைத் தாங்கிய ஏயோன் குழுமம் வார்னரின் பங்கையும் பிற்பாடு வாங்கியது. 2013இல் பலகையிலிருந்து வார்னர் பெயரே அகன்றது. அரங்கு மட்டுமா கைம்மாறியது? 2001இல் அயாவோ மியாசாக்கியின் ஓவியப்படம் 'டைட்டானிக்'கின் வருவாயை விஞ்சியது. 2006இல், இருபத்தோராண்டு கழித்து, தாய்மொழிப் படங்கள் அயற்படங்களை மிஞ்சின. 2020இல் 'கிமெத்சு நோ யாய்பா' படம் உள்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4,000 கோடி யென் ஈட்டிற்று. பிறர் அரங்கைப் பூட்டச்சொல்லி இவ்வெற்றி வரவில்லை. தம் மக்கள் தம் மொழியில் காண விரும்பிய கதையை எடுத்தனர், அதனால் வந்தது.

ஒன்று மட்டும் மீளவில்லை. பல்திரை மாளிகைக்கு அங்கு வழங்கும் பெயர் 'சினேகோன்'. ஆங்கிலச் சொல்லிரண்டை வெட்டி ஒட்டிய முண்டம்! 'எய்கா' என்று அழகாகப் பெயரிட்ட இனத்திற்கு இது பொருந்துமா?

இழப்பு வேறுமுண்டு. ஊர்நடுவே நின்ற சிற்றரங்குகள் ஒவ்வொன்றாய் மூடின. 1998இல் 'முத்து' என்னும் நம் தமிழ்ப்படத்தை வரவேற்றுப் பல வாரங்கள் ஓட்டியது எந்தப் பேரங்காடி மாளிகையும் அன்று. தோக்கியோ சிபுயாவிலிருந்த 'சினிமா ரைசு' என்னும் சிற்றரங்கே. தமிழ் ஒலிக்க, அடியில் சப்பானிய எழுத்தோட, மக்கள் திரண்டு கண்டனர். அவ்வரங்கு 2016 சனவரியில் மூடப்பட்டது. 1968 முதல் இயங்கிய இவனாமி அரங்கும் 2022 சூலையில் கதவடைத்தது.