மலைச்சரிவும் மன்றத்தின் தொண்டும்



சமூகத் தொண்டு என்றதும் சிரமதானம், அன்னதானம், திருவிழாப் பந்தல் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அவை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஆயினும் பந்தல் போட ஐம்பது பேர் திரளும் நம்மிடையே, லயத்துக்குப் பின்னாலுள்ள மண்திட்டைப் பார்த்துவர ஐந்து பேர் கிடைப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதியை நாம் மறந்திருக்க மாட்டோம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே, பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்த காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. விதி என்றார்கள். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்ததே! பின் ஏன் போகவில்லை என்று கேட்போரும் உளர். எங்கே போவது? காணியும் லயமும் தோட்டத்துக்குரியவை; பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவைத் தவிர அவர்களுக்கு வேறு கூரை இல்லை. மாற்று வீடுகள் 2016இலேதான் கையளிக்கப்பட்டன. காட்டை வெட்டிக் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்டதன் லாபம் கடல் கடந்து போயிற்று. சரியும் மண் லயத்தார் பங்குக்கு வந்தது. இதை மழையின் தலையில் மட்டும் போட நமக்கு மனம் வரவில்லை.

அந்நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து மழை ஓயாவிட்டால் விழித்திருக்க வேண்டும், 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் இடம்விட்டு நீங்க வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நேரான பக்கமுள்ள ஒரு பால்மா டின்னை, கூரைத் தண்ணீர் விழாத வெளியிலே வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அடிமட்டம் விட்டுப் பார்த்தாற் போதும். ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுதான் 75.

நிலமும் முன்கூட்டியே பேசும். சுவரிலே புதிய வெடிப்பு, மூட இயலாமல் இறுகும் கதவு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் பீலித் தண்ணீர். மழை கொட்டும்போதே பீலி நின்றுபோனால் அன்றிரவு அந்த லயத்தில் எவரும் படுக்கலாகாது. கான்கள் பொலித்தீனால் அடைபடுவதற்கு மட்டும் நாமே காரணம். அதற்குத் துரையைக் குறை சொல்ல முடியாது.

வெடிப்புக் கண்ட நாள், அதன் நீளம், லயத்தின் இலக்கம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அப்படி வாங்காமல் ஓரிடத்தில் மனுக் கொடுத்து, “கடிதமே வரவில்லையே” என்ற பதிலோடு நாமே ஒருமுறை திரும்பியிருக்கிறோம்.

ஆறு டின்கள் கைவசமிருக்கின்றன. ஒன்று கோயில் முன்றிலுக்கு. மற்றவை எந்த லயத்துக்கு, யார் பொறுப்பில் என்பதைக் கூட்டம் முடிந்ததும் எழுதிக்கொள்வோம். பெரியவர்கள் சற்றிருந்து, முன்னாளில் எந்தெந்தச் சரிவில் மண் இறங்கியதென்று சொல்லிவிட்டுப் போகுமாறு வேண்டுகிறோம்.