வழிவிட்டு நிற்றல்

(வீடுபேற்றுத் திருநாள் விழாவில் நிகழ்த்திய உரை)



மங்கல விழா மேடையில் இறுதி ஊர்வலத்தைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். பேசலாம் என்றே கருதுகிறேன். இன்று நாம் ஏற்றிய விளக்கே ஒரு பிரிவின் நினைவாக ஏற்றியதுதானே! மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தியபோது தீபங்கள் ஒளிர்ந்தன என்றும், அதை நினைந்தே மக்கள் ஆண்டுதோறும் விளக்கேற்றுகின்றனர் என்றும் 783ஆம் ஆண்டில் ஜினசேனர் நிறைவுசெய்த அரிவம்ச புராணம் கூறுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைப் பாறையில் பொறித்தவர்களும் நம் முன்னோரே. உயிர் பிரிந்த இடத்தை அவர்கள் மறைக்கவில்லை. வருவோர் நின்று படிக்கும்படி எழுதிவைத்தார்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளி என்றோர் ஊர் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அங்கிருந்துதான் ஏறுகிறது. பணிக்காலத்தில் சில ஆண்டுகள் அவ்வழியே சென்றுவந்தவன் நான். மலைமேல் வாழ்வோர் சமவெளி மருத்துவமனையில் இறந்தால், பலருடைய உடல் அவ்வழியாகவே ஊர் திரும்பும். வண்டி வருவது தெரிந்தால் தேநீர்க் கடையில் வானொலி நிற்கும். தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போரும் உண்டு. வண்டி முதல் வளைவைக் கடந்த பிறகே பேச்சு தொடரும்.

சென்ற தை மாதம் மீண்டும் அங்கே சென்றிருந்தேன். அமரர் ஊர்தி ஒன்று வந்தது. பின்னால் ஒரு ஜீப்பில் உறவினர்கள். மலையேற வந்த இளைஞர்கள் சிலர் விலகாமல் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே முந்த முயன்றார்கள். ஒருவர் அந்த ஊர்தியையும் சேர்த்துக் கைப்பேசியில் படம் பிடித்தார். ஜீப்பில் இருந்த மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இளைஞர்களைக் குறைகூறத்தான் எனக்கும் நா எழுந்தது. ஆனால் அந்நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பேருந்துக்குக் காத்தபடி, ஒரு திருமண மண்டபத்தின் வாடகையைப் பற்றிக் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர்தாம் மெல்லச் சொன்னார்: “சார், சாவு போகுது.” முப்பதாண்டுகள் நாலடியாரின் நிலையாமைச் செய்யுள்களை மாணவர்க்கு விளக்கியவன் நான்.

நம்மவர் சிலர் வேறொரு வாதம் சொல்வார்கள். உயிர் நொடிப்பொழுதில் அடுத்த பிறவிக்குச் சென்றுவிடுகிறது. எஞ்சியது வெறும் உடல். அழுவதும் வினையைப் பெருக்கும். பிறகு எதற்கு இந்த மரியாதை என்பார்கள். முதல் மூன்றும் நம் அறம் சொல்வனவே. ஆனால் முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை. உடல் எதையும் உணராது என்பது மெய். பின்னால் நடந்துவரும் மகன் உணர்வானே! துன்புற்றுக் கிடக்கும் மனத்தை ஒலிப்பானாலும் சிரிப்பாலும் குத்துவது கொல்லாமை நோன்பு பூண்டவர்க்கு ஆகுமா? அழாதே என்பது நமக்கு நாம் சொல்லிக்கொள்ள வேண்டியது. அழுகிறவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதன்று.

துக்க வீட்டார் பக்கமும் தவறு இல்லாமலில்லை. மதுவருந்தி ஆடுவது, சாலை நடுவே வெடி கொளுத்துவது, மாலைகளைப் பிய்த்து வண்டிகளின்மேல் வீசுவது எல்லாம் நாம் அறிந்தவையே. ஊர்வலம் கண்டால் மக்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள் என்றால், அந்த ஒதுக்கம் மரியாதை ஆகாது. எனினும் குடித்து ஆடும் பத்துப் பேருக்காகப் பாடையின் அருகே தள்ளாடி வரும் தாய்க்கும் மரியாதையை மறுப்பது நியாயமில்லை.

பழங்காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்றும் நான் சொல்ல வரவில்லை. எல்லார் பிணத்துக்கும் எல்லாத் தெருவும் திறந்திருந்ததில்லை. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், சுடுகாட்டுக்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைக் கொண்டுசென்றவர்களைச் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியது. உடன் சென்ற மருத்துவர் ஒருவர் தாமே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய நேர்ந்தது. கண்ணியமான அடக்கமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது கூறியது. நீதிமன்றம் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்?

இறுதியாக, நம் வீட்டுச் செய்தி ஒன்று. ஊர்ப்பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், நம்மவர் விழா ஒன்றில் சுவாமி புறப்பாடு தொடங்கவிருந்த நேரத்தில், அதே தெருவில் வேற்றுச் சமூகத்தார் வீட்டில் ஒரு பாடை எழுந்தது. தீட்டு என்றும் சகுனம் என்றும் சொல்லி, பின்புறச் சந்து வழியாகப் போகும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மறுபேச்சின்றி அவர்கள் சுற்றிச் சென்றார்கள். அந்தச் சந்தில் பாடையைத் திருப்பவும் இடமில்லை. நானும் அன்று அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை.

விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த புறப்பாட்டின்போது அவ்வாறு நேர்ந்தால், மேளத்தை நிறுத்திச் சப்பரத்தை ஓரமாக நிறுத்துவோம். அவர்கள் நேர்த்தெருவிலேயே போகட்டும். கால்மணி நேரம் ஆகும். இதைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.