மழைக்குன்னு தனி டைம்டேபிள்

மழைக்காலத்துல கொங்கன் ரயில்வே வழியா கோவா போனா, பயணம் வழக்கத்தைவிட நீளும். அங்கே மழைக்குன்னே தனி டைம்டேபிள். வேகத்தைக் குறைச்சு, நேரத்தைக் கூட்டிப் போட்டது.

காரணம் மலைச்சரிவு. 2003 ஜூன்ல மகாராஷ்டிராவின் வைபவ்வாடி பக்கம், தண்டவாளத்துல விழுந்த பாறைகள்ல ரயில் மோதி 50 பேருக்கு மேல இறந்தாங்க. இப்போ சரிவுகள்ல இரும்பு வலை, தண்டவாளத்துல ரோந்து, பாலங்கள்ல காத்து வேகத்தை அளக்கும் கருவி. கனமழையில பாதை சரியா தெரியலைன்னா லோகோ பைலட் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

எனக்குப் பிடிச்சது, இந்தத் தாமதத்தை அட்டவணையிலேயே சேர்த்துடறாங்க. நேரத்தைப் பிடிக்க மழையில விரட்ட வேண்டாம். கொட்டுற மழையில நம்ம வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர்ற டெலிவரி தம்பிக்கு அப்படி ஒரு டைம்டேபிள் இருக்கா?