பால் ஒத்துக்கொள்ளவில்லையா? எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பால் குடித்து வயிறு உப்பினாலும், உடம்பு தடித்தாலும், "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்றே சொல்கிறோம். ஆனால் இவை இரண்டும் ஒன்றல்ல.

பாலிலுள்ள சர்க்கரையின் பெயர் லெக்டோஸ். அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் உள்ள லெக்டேஸ் என்ற நொதி. வயது ஏற ஏற, ஆசியர்களில் பலருக்கு இது குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயு, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கைத் தருகிறது. அவதிதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இவர்களில் பலருக்குத் தயிரும் சிறிதளவு பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஒவ்வாமை அப்படியல்ல. கேசின், வே போன்ற பால் புரதங்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி பகையாக நினைத்துத் தாக்குகிறது. பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே இது வரும். சில நிமிடங்களிலேயே தோல் தடிக்கலாம், உதடு வீங்கலாம், மூச்சு இரைக்கலாம். சிலருக்கு ஒரு வாய் பாலே போதும்.

பெற்றோர் ஏமாறுவது கடையில்தான். 'லெக்டோஸ் இல்லாத பால்' என்ற எழுத்தைப் பார்த்து, ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு வாங்கிவிடுகிறார்கள். அதில் லெக்டோஸ்தான் இல்லை. புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பாலும் மாற்றாகாது. அதன் புரதமும் ஏறக்குறைய அதே வகைதான். பிஸ்கட், ரொட்டி வாங்கும்போதும் உறையைப் படியுங்கள்.

பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாலை நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு குடித்தான், எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு போங்கள்.