அப்பத்தா பிரித்த பொட்டலம்



விடுமுறை விட்டால் போதும், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அப்பத்தா வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுவோம். எங்களுக்கென வாங்கிவைத்த பால்கோவாவை உடனே தரமாட்டார். மாலையில் செபமாலை முடிந்த பின்பே பொட்டலத்தைப் பிரிப்பார். முதல் பங்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. எங்களுக்குக் கோபம் வரும்.

பாலும் சர்க்கரையும் அடுப்பில் நெடுநேரம் கிண்டினால்தான் பால்கோவா. விசுவாசமும் அப்படித்தான். திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் புனித பவுல், அவருடைய பாட்டி லோயியை நினைவுகூர்கிறார்.

கடைசி ஆண்டும் அப்பத்தா பொட்டலத்தோடு காத்திருந்தார். வேலையைக் காரணம் சொல்லி, நாங்கள் போகவில்லை.

ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள், முதியோர் நாளாக 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அதுவரை காத்திராமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஆமென்.